'புட் ஆஃப்': தள்ளிப்போட்ட கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள்

மியான்மரின் யாங்கோனில் ஆங்கிலம் படிக்க வரும் நம் பிள்ளைகள் 'புட்' என்பதன் இறந்தகாலத்தை 'புட்டட்' என்று எழுதுவார்கள். அது பத்து நாளில் தானாகத் திருந்திவிடும். பத்து வருஷமானாலும் திருந்தாதவை வேறு.

'கால் ஆஃப்' வேறு, 'புட் ஆஃப்' வேறு

'ஆஃப்' என்றதும் சுவிட்சுதான் நினைவுக்கு வருகிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். ஒரு வீட்டில் ஆனியில் கல்யாணம் குறித்திருந்தார்கள். பெரியப்பா காலமானதில் தீட்டு. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணிக்கு மாற்றினார்கள். மலேசியச் சொந்தங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதென்று ஆங்கிலத்தில் செய்தி போனது: 'த வெட்டிங் இஸ் கால்ட் ஆஃப்.' கல்யாணம் நின்றுபோனது என்று அர்த்தம். சிலர் விமான டிக்கெட்டை ரத்து செய்தார்கள். சிலர் போன் போட்டு, பெண் வீட்டில் என்ன தகராறு என்று விசாரித்தார்கள்.

எழுதியிருக்க வேண்டியது: 'த வெட்டிங் ஹாஸ் பீன் புட் ஆஃப் அன்டில் ட்வென்டி செவன்த் ஆகஸ்ட்.' 'அன்டில்' போட்டுப் புதுத் தேதியையும் சொல்லிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இதில் எரிச்சல் என்னவென்றால், விடை நம் வாயிலேயே இருக்கிறது. 'போடு' தனியாக நின்றால் வேறு. 'தள்ளி' சேர்ந்தால் 'தள்ளிப்போடு'. 'புட்' என்பதும் போடுதான், 'ஆஃப்' அந்தத் 'தள்ளி'. கைவிடுவதற்கு மட்டுமே 'கால் ஆஃப்'.

பின்னால் 'டு கோ' வராது

'ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.' தமிழில் 'போகத் தள்ளிப்போட்டேன்' என்போமா? 'போவதை' என்போம். அந்தப் 'போவதை'தான் 'கோயிங்'.

'இட்' நடுவில்

'புட் இட் ஆஃப்.' அவ்வளவுதான்.

செருப்பும் லைட்டும்

பகோடா என்னும் புத்தர் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவது 'டேக் ஆஃப்'. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில் செருப்புக்குப் 'புட் ஆஃப்' உண்டு. இன்று அப்படிப் பேசினால் செந்தமிழில் டீ கேட்டது போல இருக்கும். லைட் விஷயத்தில் பர்மியம் குறுக்கே வருகிறது. அதில் விளக்கைத் 'திற', 'மூடு' என்பார்கள். அப்படியே 'க்ளோஸ் த லைட்' ஆகிவிடுகிறது. 'டர்ன் ஆஃப்' எங்கேயும் செல்லும்.

ஆளை 'புட் ஆஃப்' செய்தால்

இங்கே பொருளே மாறும். கடன் வாங்கியவர் நாளை, நாளை என்று இழுத்தடித்தால் 'ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஆஃப்'. புதிதாக வந்த விருந்தாளி ஙப்பி என்ற பர்மிய மீன் விழுதின் வாடையில் தட்டை நகர்த்திவிட்டால் 'த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்'. அவர் சாப்பாட்டைத் தள்ளிப்போடவில்லை. வாடையில் பசியே போய்விட்டது.