நெடுநாள் பிரிட்டன் எம்.பி. ஒருவரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? முதலில் அவர் எம்.பி.யாக இல்லாத வருஷங்களை எண்ணுங்கள்

பிரிட்டன் அரசியல்வாதி யாராவது காலமானாலோ ஓய்வு பெற்றாலோ, "நம்ம வாசகர்களுக்கு ஒரு கட்டுரை கொடுங்க" என்று என்னிடம் வருவார்கள். முதன்முதலாக எழுதியது லேபர் கட்சியின் டோனி பென் பற்றி. "1950 முதல் 2001 வரை தொடர்ந்து ஐம்பது ஆண்டு எம்.பி.யாக இருந்தவர்" என்று ஜம்மென்று ஆரம்பித்தேன். ஒரே வரியில் இரண்டு தப்பு: தொடர்ந்தும் இல்லை, ஐம்பதும் இல்லை. அதனால் அவரை வைத்தே இந்த வேலையைச் சொல்லித் தருகிறேன்.

ஒரு தாளில் நீளமாகக் கோடு போடுங்கள். பதவிகளை இப்போதைக்கு மறந்துவிட்டு, எந்தத் தொகுதி, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று மட்டும் குறியுங்கள். பென்னுக்குக் கோடு மூன்று துண்டாக வரும். பிரிஸ்டல் தென்கிழக்கு, 1950 நவம்பர் முதல் 1960 நவம்பர் வரை. அதே தொகுதி, 1963 ஆகஸ்ட் முதல் 1983 வரை. பிறகு செஸ்டர்ஃபீல்டு, 1984 மார்ச் முதல் 2001 வரை. கூட்டினால் சுமார் 47 வருஷம்.

கோடு அறுந்த இடத்தில் பேனாவை வையுங்கள். கட்டுரையில் பாதி அங்கேதான் இருக்கிறது. 1960 நவம்பரில் பென்னின் அப்பா ஸ்டான்ஸ்கேட் பிரபு இறந்தார். அண்ணன் ஏற்கெனவே போரில் இறந்திருந்ததால் பட்டம் இவர் தலையில் விழுந்தது. அந்தக் காலத்தில் பிரபுவானவர் மக்களவையில் உட்காரக் கூடாது, பட்டத்தை வேண்டாம் என்று சொல்லவும் சட்டத்தில் வழியில்லை. 1961 மே மாத இடைத்தேர்தலில் பென் மறுபடி நின்றார். 13,000 ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று சொல்லி, தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு இடத்தைக் கொடுத்தது. 1963 ஜூலை 31-இல் பிரபுப் பட்டச் சட்டம் நடப்புக்கு வந்தது. அன்றைக்கே பென் பட்டத்தைத் துறந்தார். செயின்ட் கிளேர் விலகி வழிவிட்டார், அடுத்த மாத இடைத்தேர்தலில் பென் திரும்பி வந்தார்.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அந்தச் சட்டத்தால் வேறு யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். லேபர்காரர் போராடி வாங்கிய வழியில் அதே ஆண்டு அக்டோபரில் ஹோம் பிரபு பட்டத்தைத் துறந்து, அலெக் டக்ளஸ்-ஹோம் என்ற பெயரில் கன்சர்வேட்டிவ் பிரதமராக மக்களவைக்கு வந்தார். இந்த மாதிரித் திருகல் கிடைத்தால் விடக் கூடாது.

அடுத்தது பெயர். நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்ஸார்ட் இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 'வெட்ஜ்வுட் பென்' என்று தேடினால் அப்பாவும் வருவார், மகனும் வருவார். 1970களில்தான் மகன் 'டோனி பென்' என்றாலே போதும் என்றார். அப்பா 1929 முதல் 1931 வரை இந்திய விவகார அமைச்சர், அதாவது உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில். அவருடைய இந்தியப் பேச்சு ஒன்றை நான் மகன் கணக்கில் எழுதி அனுப்பிவிட்டேன். மகன் பிறந்தது 1925-இல்! நாலு வயதுப் பிள்ளையை லண்டனில் பேசவைத்த புண்ணியம் எனக்கு. போதாக்குறைக்கு டோனியின் மகன் ஹிலரியும் 1999 முதல் எம்.பி. வருஷத்தைப் பார்க்காமல் 'பென்' என்ற பெயரைத் தொடாதீர்கள்.

பதவிப் பெயர்களை அப்படியே தமிழாக்கினால் மாட்டிக்கொள்வீர்கள். 'ஸ்டேட் செக்ரட்டரி' என்பதைச் 'செயலாளர்' என்று எழுதினால் ஏதோ ஐ.ஏ.எஸ். அதிகாரி என்று வாசகர் நினைப்பார். அது அமைச்சர். 'நார்த்ஸ்டெட் பண்ணையின் மேற்பார்வையாளர் ஆனார்' என்று இருந்தால், புது வேலை கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். பிரிட்டன் எம்.பி. நேரடியாக ராஜினாமா செய்ய முடியாது. அரசரின் கீழ் இப்படி ஒரு பெயரளவுப் பதவியை ஏற்றுத்தான் இடத்தைக் காலி செய்வார். செயின்ட் கிளேர் விலகியதும் இந்த வழியில்தான்.

பதவிப் பட்டியலை இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுங்கள்: தபால் துறை, தொழில்நுட்பம், தொழில், எரிசக்தி. அதற்குப் பதில் ஒரே ஒரு காட்சியை விரியுங்கள். பென் ராத்திரியில் அன்றன்றைய நடப்பை டேப்பில் பேசிப் பதிவு செய்கிற ஆள், அதனால் காட்சிக்குப் பஞ்சமில்லை. தபால் துறையில் இருந்தபோது, 1965-இல், அஞ்சல் தலைகளில் ராணியின் தலை வேண்டாம் என்ற எண்ணத்தோடு ராணியிடமே போனார். மாதிரிகளைத் தரையில் பரப்பி, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து ராணியிடம் நீட்டியதாக டைரியில் சொல்கிறார். முடியாட்சியே பிடிக்காதவர் மண்டியிட்டிருக்கிறார் பாருங்கள். ராணியின் தலை போகவில்லை, ஓரத்தில் சின்ன நிழலுருவமாகச் சுருங்கியது, அவ்வளவுதான். ஒன்று மட்டும்: டைரியில் எப்போதும் எழுதியவர்தான் கதாநாயகன். மனநிலைக்கு டைரியை எடுங்கள், தேதிக்கும் அவையில் விழுந்த ஓட்டுக் கணக்குக்கும் ஹன்ஸார்டைப் பாருங்கள்.

தோல்விகளுக்குத் தசமப் புள்ளி வரை மரியாதை கொடுங்கள். 1981 லேபர் துணைத் தலைவர் போட்டியில் டெனிஸ் ஹீலி 50.426 சதவீதம், பென் 49.574. 'நூலிழையில் தோற்றார்' என்று எழுதுவதைவிட இந்த இரண்டு எண்ணும் உறைக்கும்.

கடைசியாக, கூட இருந்த ஒருவரின் கோட்டைப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பின்னாளில் கன்சர்வேட்டிவ் பிரதமரான எட்வர்ட் ஹீத் பென்னுக்கு ஒன்பது மாதம் முந்தி, 1950 பிப்ரவரியில் வந்தார். பென்னைப் போலவே 2001-இல்தான் போனார். ஹீத்தின் கோடு எங்கும் அறவில்லை, அதனால் 1992 முதல் 2001 வரை 'அவையின் தந்தை' அவர்தான். அந்தப் பெயர் தொடர்ச்சியாக அதிக நாள் இருந்தவருக்குத்தான், மொத்த வருஷத்துக்கு இல்லை.

என் கட்டுரையைத் திருத்தி எழுதியபோது முதல் வரி இப்படி மாறியது: "1961 மே மாதம் பிரிஸ்டலில் ஜெயித்தவர் டோனி பென், எம்.பி. ஆனவர் அவரிடம் தோற்றவர்."