ஸ்டட் போக்கரில் முதல் மூன்று சீட்டு: எதை வைத்து ஆடலாம், எதைப் போட்டுவிடலாம்

தீபாவளி இரவு விருந்தாளிகள் கிளம்பியதும் எங்கள் செந்தூல் வீட்டில் சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். காசு கிடையாது, ஆளுக்கு 40 புளியங்கொட்டை. பெரியப்பா எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஏழு சீட்டு ஸ்டட் என்ற போக்கர் ஆட்டம். இப்போதைய பிள்ளைகளுக்கு ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து, மற்றவை எல்லோருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் போக்கர்) மட்டும்தான் தெரிகிறது, அந்தப் பழக்கத்தோடு வந்து உட்கார்ந்து தன் கையை மட்டும் பார்த்து ஆடி, அரை மணி நேரத்தில் கொட்டை எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஆன்டி, அதாவது சீட்டு போடுவதற்கு முன் கட்டும் சின்னப் பந்தயம், வைத்ததும் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் வரும். திறந்த சீட்டு யாருக்கு ஆகச் சிறியதோ அவர் கட்டாயம் பந்தயத்தைத் தொடங்க வேண்டும். அப்புறம் மூன்று சீட்டு திறந்து, கடைசி ஒன்று கவிழ்த்து. ஏழில் நல்ல ஐந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். லிமிட் ஆட்டத்தில், அதாவது பந்தய அளவு முன்பே முடிவான ஆட்டத்தில், ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயம் இரட்டிப்பாகும், அதனால் மோசமான கையை மூன்றாவது சீட்டிலேயே போட்டுவிட்டு விலகினால் நஷ்டம் கொஞ்சம்தான். அங்கே ஆசைப்பட்டு ஒட்டிக்கொண்டால் ஏழாவது வரைக்கும் இழுத்துக்கொண்டு போகும்.

போன தீபாவளிக்கு நடந்தது. அக்கா மகனுக்கு ஏஸ், 10, 6, மூன்றுமே ஆட்டின் (சிவப்பு இதயக் குறி) ஜாதி. பிளஷ் (ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு) வரப்போகிறது என்று முகமே மாறிவிட்டது, கடைசி வரை போனான், தோற்றான். முடிந்ததும் என்னிடம் வந்து, "மாமா, இதைப் போய் எப்படி மாமா போடுறது?" என்று கேட்டான். மேசையில் எட்டுப் பேர். மற்ற ஏழு திறந்த சீட்டில் மூன்று ஆட்டின், அதில் ஒன்று அவனுக்கு நேர் எதிரே அவன் அம்மா முன்னால் கிடந்த 9. அவன் ஒன்றைக்கூட எண்ணவில்லை.

கணக்கு இதுதான். உங்களிடம் மூன்று ஆட்டின் இருந்தால் கட்டில் மிச்சம் 10. மற்ற ஏழு திறந்த சீட்டிலும் ஆட்டினே இல்லையென்றால் ஏழாவது சீட்டுக்குள் பிளஷ் சேர 100க்குச் சுமார் 24 வாய்ப்பு. மூன்று ஆட்டின் வெளியே தெரிந்தால் அது 12 ஆகிவிடுகிறது. கையில் இருக்கும் சீட்டு அதேதான், மதிப்பு மட்டும் பாதி! ஹோல்டெமில் அடுத்தவர் சீட்டு கண்ணுக்கே தெரியாது. ஸ்டட்டில் அது மேசையிலேயே கிடக்கிறது, பார்க்காமல் விட்டால் தப்பு நம்முடையதுதான். என் வழக்கம்: ஒன்று தெரிந்தால் ஆடுவேன், இரண்டு தெரிந்தால் கையில் ஏஸோ ராஜாவோ இருக்க வேண்டும், மூன்று என்றால் போட்டுவிடுவேன்.

மூன்றும் ஒரே எண்ணாக வருவது 425 கையில் ஒரு தடவை. வந்தால் ஆடுங்கள், அதற்கு என் யோசனை எதுவும் வேண்டாம்.

ஜோடி அப்படியில்லை, ஏறக்குறைய ஆறு கைக்கு ஒரு தடவை வரும், அதனால் நல்ல ஜோடி எது, கெட்ட ஜோடி எது என்று தெரிய வேண்டியது இங்கேதான். பத்திலிருந்து ஏஸ் வரை உள்ள ஜோடி நல்ல தொடக்கம். இரண்டு ராஜா வைத்திருக்கிறீர்கள், மற்ற ஏழு திறந்த சீட்டில் ராஜா இல்லையென்றால் மூன்றாவது ராஜாவோ நான்காவதோ வர 100க்குச் சுமார் 18 வாய்ப்பு. ஒரு ராஜா அடுத்தவர் முன்னால் திறந்து கிடந்தால் அது சுமார் 10. ஜோடி இரண்டும் கவிழ்த்த சீட்டிலேயே இருந்தால் இன்னும் நல்லது, மூன்றாவது திறந்து விழும்போது எதிரே இருப்பவருக்கு எதுவும் புரியாது. ஆனால் உங்களிடம் ராணி ஜோடி இருந்து, ஏஸைத் திறந்து வைத்திருப்பவர் பந்தயத்தை ஏற்றினால், அவர் வீணாக ஏற்றும் ஆள் இல்லையென்றால் ராணியைப் போட்டுவிடுங்கள், மனசு கேட்காதுதான். சின்ன ஜோடிக்கு, அதாவது 4, 6 மாதிரிக்கு, நான் இரண்டு விஷயம் பார்ப்பேன்: அந்த எண் வேறு யாரிடமும் தெரியக் கூடாது, கூட இருக்கும் மூன்றாவது சீட்டு மேசையில் உள்ள எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடவே மாட்டேன்.

ஸ்ட்ரெயிட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து எண்) தொடக்கத்தில் அடுத்தடுத்து மூன்று வேண்டும், நடுவில் ஓட்டை இருந்தால் வேண்டாம். 9, 10, ஜாக்கி வைத்திருந்தால் 8உம் ராணியும்தான் உயிர், ஏனென்றால் எந்தப் பக்கம் ஸ்ட்ரெயிட் சேர்ந்தாலும் இந்த இரண்டில் ஒன்றாவது அதில் இருக்கும். நான்கு ராணியில் இரண்டு மேசையில் கிடந்தால் அந்தக் கைக்கு ஒரு கொட்டைகூட வைக்காதீர்கள்.

ஏஸ், ராஜா, ராணி என்று பெரிய சீட்டு மூன்று வெவ்வேறு ஜாதியில் வந்தால், உங்களுக்கு முன்னால் இருப்பவர்கள் எல்லோரும் விலகி ஒன்றிரண்டு பேர் மட்டும் மிஞ்சியிருக்கும்போது ஆடிப் பார்க்கலாம். ஐந்து பேர் உள்ளே இருக்கும்போது அது வெறும் அழகுதான்.

ஒரு சிக்கல் இருக்கிறது. விலகியவர் தன் திறந்த சீட்டையும் கவிழ்த்துவிடுவார், அப்புறம் அது கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவர் கை சீட்டுக்குப் போவதற்குள் மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள்: கிளாவர் 8, டைமன் ராணி, ஆட்டின் 4. வீட்டில் தனியாகவே பழகலாம். தினம் ஏழு சீட்டைத் திறந்து வைத்து, பத்து விநாடி பார்த்து, கவிழ்த்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். அக்கா மகன் தே தாரேக் (பால் தேநீர்) ஆறுவதற்குள் ஐந்து தடவை செய்துவிடுகிறான், முதல் வாரம் மூன்று சீட்டுதான் ஞாபகம் வந்தது, இப்போது ஆறு வருகிறது.