மறதி நோய்: அவசரத்தில் நேரும் தவறுகள்

'வயதானால் மறதி வரத்தானே செய்யும்' என்று ஒதுக்கிவிடுவதுதான் மறதி நோயைக் கண்டறிவதில் நேரும் மிகப் பழைய தவறு. ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், பின்னர் தம் பெயராலேயே அழைக்கப்பட்ட நோயை 1906இல் விவரித்தபோது குறிப்பிட்ட நோயாளி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது 51 வயதுப் பெண். டிமென்ஷியா எனப்படும் இந்த மறதி நோய் முதுமையின் இயல்பும் அன்று, ஒரே நோயும் அன்று. அல்சைமர், மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பு எனப் பல காரணங்களால் நினைவும் மொழியும் முடிவெடுக்கும் திறனும் அன்றாட வேலைகளுக்கே தடையாகும் அளவுக்குக் குன்றுவதைக் குறிக்கும் பொதுப்பெயர் அது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பி12 வைட்டமின் குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எப்போதோ தலையில் பட்ட அடியால் மெதுவாகச் சேரும் இரத்தக்கட்டு ஆகியவையும் மறதி நோயைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், இவற்றைச் சோதிக்காமல் முடிவுக்கு வருவது குணப்படுத்தக்கூடிய ஒருவரைக் கைவிடுவதற்குச் சமம். இரண்டே நாளில் ஒருவர் குழம்பிப்போய் ஆளையும் இடத்தையும் மாற்றிப் பேசினால் அது பெரும்பாலும் டிமென்ஷியா அன்று; நோய்த்தொற்றோ நீரிழப்போ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பரிசோதனை அறையில் உறவினர்கள் செய்யும் தவறை யாரும் அதிகம் பேசுவதில்லை. கடிகாரம் போல வட்டம் வரைந்து, எண்களை எழுதி, பதினொரு மணி பத்து நிமிடத்தைக் காட்டும்படி முட்களைப் போடச் சொல்வார் மருத்துவர். நோயுற்றவர் சில வேளைகளில் ஒரு முள்ளைப் பதினொன்றிலும் மற்றொன்றைப் பத்திலும் வைத்துவிடுவார். 'பத்து நிமிடம்' என்பதைக் கடிகாரத்தின் '2' என்ற எண்ணாக மாற்றிக்கொள்ளும் திட்டமிடல் அங்கே தவறியிருக்கிறது. அந்த நேரத்தில் அருகிலிருக்கும் மகளோ கணவரோ, அவர் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், 'இரண்டில் வையுங்கள்' என்று மெல்ல எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பாசம்தான், ஆனால் மருத்துவர் தேடிவந்த தடயம் அத்துடன் அழிந்துவிடுகிறது.

ஆய்வுச் செய்திகளை வாசிப்பதிலும் நிதானம் வேண்டும். லெக்கானெமாப் மருந்து, தொடக்கநிலை அல்சைமரில் 18 மாதங்களில் சரிவின் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது என்பது உண்மை. நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளி மட்டுமே என்பதும், மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ ஏற்படலாம் என்பதும் அதே அளவு உண்மை. போன நினைவை அது மீட்டுத் தருவதில்லை. அதுபோல, 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 14 காரணிகளைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 விழுக்காடு டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் எனக் கணித்தது, மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. நோயுற்ற ஒருவரைப் பார்த்து 'கவனமாக இருந்திருந்தால் வந்திருக்காதே' என்று சொல்ல அது இடம் தரவில்லை. ஆனால் காது மந்தமாவதையும் இரத்த அழுத்தத்தையும் நடுவயதிலேயே கவனிப்பதற்கு அது வலுவான காரணம்.

பராமரிப்பில் பெருந்தவறு திருத்திக்கொண்டே இருப்பது. ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளான ஒருவர் மாலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டால், 'உங்களுக்கு ஏது வேலை?' என்பது அவரைக் கலவரப்படுத்தவே செய்யும். 'என்ன வேலை இருக்கிறது அங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். பேசத் தொடங்கியதும் பை பெரும்பாலும் நாற்காலிக்கு வந்துவிடும்.