வீட்டை இதமாக்க ஆசையா? ஒரே ஒரு மூலையில் ஆரம்பியுங்கள்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் மஞ்சள் வெளிச்சம், மெத்தென்ற போர்வை, பாதி படித்துக் கவிழ்த்து வைத்த புத்தகம். இந்த 'கோஸி ஹோம்' மோகம் முன்பே இருந்ததுதான். ஆனால் 2020 ஊரடங்கில் வீடே ஆபீஸும் பள்ளிக்கூடமுமாக ஆனபோது, இத்தனை பொருள் வாங்கி அடுக்கியும் நிம்மதியாக உட்கார ஓர் இடம் இல்லையே என்று பலருக்கும் உறைத்தது, அதனால்தான் இது இவ்வளவு பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். சரி, படங்களைப் பார்த்த கையோடு ஷாப்பிங் ஆப்பைத் திறக்காதீர்கள். முக்கால்வாசி வேலையை வெளிச்சமே செய்துவிடும்.

படி 1: இடம்

முழு வீட்டையும் மாற்றக் கிளம்பினால் பாதியில் சலித்துவிடும். சாயங்காலம் கால் தானாகப் போய் நிற்கும் மூலை எதுவோ, அது போதும். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். பின்னால் ஆள் நடமாடிக்கொண்டே இருந்தால் உடம்பு தளராது.

படி 2: வெளிச்சம்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் கூரை விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு மேசை விளக்கு வையுங்கள். பல்பு பெட்டியில் 'கே' என்ற எழுத்தோடு ஓர் எண் இருக்கும், அது கெல்வின், அதாவது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு. 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள், 6500 என்றால் நீலம் பாய்ந்த வெள்ளை. நமக்கு 2700, மிஞ்சினால் 3000. அப்புறம் லூமென், அதாவது வெளிச்சம் எவ்வளவு என்ற அளவு, பாருங்கள்: சும்மா உட்கார 450 போதும் (பழைய 40 வாட் குண்டு பல்பு அளவு), படிப்பதென்றால் 800. டிம்மர் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற சுவிட்ச்) வைக்கிற எண்ணம் இருந்தால் பெட்டியில் 'டிம்மபிள்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லாத எல்இடி மினுக்கி எரிச்சலைக் கிளப்பும்.

உட்கார்ந்து பார்த்தால் ஷேடின் (விளக்கு மூடியின்) கீழ் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும், பல்பு கண்ணில் குத்தக் கூடாது. டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1920களிலேயே இந்தக் கண்கூச்சத்தைப் போக்கத்தான் அடுக்கடுக்கான ஷேடுகளோடு விளக்குகளை வடிவமைத்தார்; 1958இல் வந்த அவருடைய 'பிஎச் 5' விளக்கு இன்றும் விற்கிறது.

படி 3: சத்தம்

யாரும் கவனிக்காத விஷயம் இது. அறை நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். 'ணங்' என்று திரும்பி வந்தால் அங்கே எல்லாமே கடினமான பரப்பு என்று அர்த்தம். தடித்த திரைச்சீலை, தரை விரிப்பு, புத்தகம் நிறைந்த அலமாரி, இதில் ஒன்று வந்தாலே வித்தியாசம் தெரியும். விரிப்பு சின்னதாக இருந்தால், நாற்காலியின் முன்கால்களாவது அதன்மேல் இருக்கும்படி போடுங்கள், இல்லாவிட்டால் தனியாகக் கிடக்கிற மாதிரி தெரியும்.

படி 4: எடுத்து ஒளித்து வைப்பது

சார்ஜர், வயர், பில், பழைய பார்சல் பெட்டி. ஒரு மூடி போட்ட கூடை போதும்.

வாசனை மெழுகுவர்த்தி உங்கள் இஷ்டம், எனக்கு அது இல்லாமலே ஓடுகிறது. ஏற்றினால் திரைச்சீலையிலிருந்து 30 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள், அறையை விட்டுப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

படி 5: இப்போதுதான் ஷாப்பிங்

ஒரு வாரம் அந்த மூலையில் உட்கார்ந்து பாருங்கள். கப் வைக்க இடமில்லையா, ப்ளக் பாயின்ட் எட்டவில்லையா, இடுப்புக்கு ஒரு தலையணை வேண்டுமா என்பது அப்போதுதான் புரியும். அதை மட்டும் எழுதி வைத்து வாங்குங்கள். பெரும்பாலும் பட்டியல் ஒரு குட்டி ஸ்டூலோடும் ஒரு எக்ஸ்டென்ஷன் கார்டோடும் முடிந்துவிடும்.