கப்பலில் இருந்த தாத்தாவிடம் போர்க்காலக் கதை கேட்டு எழுதுவது எப்படி

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி பக்கம் யார் வீட்டைக் கேட்டாலும் தெருவில் ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இருப்பார். வெலிங்டனில் முப்படை அதிகாரிகளும் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ் 1947லிருந்து இருக்கிறது, அங்கே படிக்க வந்து இந்தக் குளிர் பிடித்துப்போய், ஓய்வுக்கு அப்புறம் இங்கேயே வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஃபீல்ட் மார்ஷல் மானெக்‌ஷாவே குன்னூரில்தான் குடியிருந்தார், 2008ல் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். தரைப்படைக்காரர்களின் கதை எப்படியாவது நம் காதுக்கு வந்துவிடுகிறது. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருபத்திரண்டு வயதில் சப்-லெப்டினன்டாக, அதாவது கடற்படையின் இளம் அதிகாரியாக, கப்பலில் நின்றவர்களிடம் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை. அவர்களுக்கு இப்போது எழுபத்தைந்து தாண்டிவிட்டது. உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

நான் கேட்டது என் அம்மாவின் அப்பாவிடம், எங்கள் வீட்டில் அப்புச்சி என்போம். கோத்தகிரியில் இருக்கிறார். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்குக் காவலாக வங்காள விரிகுடாவில் போன கப்பல்களில் ஒன்றில் இருந்தார். எந்தக் கப்பல் என்று எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை.

முதல் நாள் நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். போனை மேஜையில் வைத்து, "போர் எப்படி இருந்துச்சு அப்புச்சி?" என்று கேட்டேன். "இருந்துச்சு கண்ணு, பதிமூணு நாள்ல முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய கேள்விக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுத்த வாரம் கேள்வியை மாற்றினேன்: "ராத்திரி உங்களை எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?" அன்றைக்கு இரண்டு மணி நேரம் பேசினார்.

அதனால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். கப்பலில் நாள் என்பது வாட்ச் கணக்கு, வாட்ச் என்றால் முறை போட்டு வேலையில் நிற்கும் நேரம். ராத்திரி 8 முதல் 12, 12 முதல் 4, 4 முதல் 8, அப்புறம் காலை 8 முதல் 12, பகல் 12 முதல் 4 என்று நாலு நாலு மணி நேரம். சாயங்காலம் 4 முதல் 8 வரை உள்ளதை மட்டும் இரண்டாக வெட்டி இரண்டு மணி நேர வாட்ச்சுகளாக வைத்திருப்பார்கள், அதற்கு டாக் வாட்ச் என்று பேர். அப்படி வெட்டுவதால் ஒரு நாளைக்கு ஏழு வாட்ச் ஆகிறது, முறை தினமும் நகர்கிறது, ஒரே ஆள் தினமும் நடுராத்திரி வாட்ச்சில் மாட்டமாட்டார். இதை ஒரு தாளில் கட்டம் போட்டு அவர் முன்னால் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எங்கே நின்றீர்கள், பக்கத்தில் யார், என்ன குடித்தீர்கள், காலில் என்ன போட்டிருந்தீர்கள் என்று கேளுங்கள். அப்புச்சி 12 முதல் 4 கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தார். போர்க்காலத்தில் ஆட்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, வாட்ச் முடிந்து கொஞ்சம் கண் அசந்து மறுபடியும் வாட்ச், நடுவில் ஆக்‌ஷன் ஸ்டேஷன் மணி, அதாவது எல்லாரும் சண்டைக்கு அவரவர் இடத்துக்கு ஓட வேண்டிய மணி, அடித்தால் அந்தத் தூக்கமும் போச்சு. உடுப்போடுதான் படுப்பாராம், ஷூ கைக்கெட்டும் இடத்தில்.

இருட்டைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். போர்க்கப்பலில் ராத்திரி வெளியே ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக்கூடாது. கப்பலை ஓட்டும் பிரிட்ஜில் சிவப்பு விளக்கு மட்டும், அதுவும் மங்கலாக, ஏனென்றால் கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் போல ஆகும், ஒரு வெள்ளை விளக்கு ஒரு நொடியில் அதைக் கெடுத்துவிடும். வாட்ச் மாற்ற வருபவர் கால் மணி முன்னாலேயே வந்து நிற்பது இதற்காகவும்தான். அப்புச்சி இன்றைக்கும் விடிகாலை 3:45க்கு எழுந்து, லைட்டைப் போடாமலே அடுப்படிக்குப் போய் டீ போடுகிறார்.

படம் வரையச் சொல்லுங்கள். வரைய வராது என்பார்கள், அப்போது வீட்டுச் சாமானை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் வர்க்கி டப்பா விக்ராந்த் ஆனது, நாலு டீ டம்ளர் காவல் கப்பல்கள். டப்பாவைக் காற்று வரும் ஜன்னல் பக்கம் திருப்பினார். விமானம் கிளம்ப வேண்டுமானால் விமானந்தாங்கிக் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பி வேகமாக ஓட வேண்டும், விக்ராந்தின் பாய்லர் ஒன்றில் விரிசல் இருந்ததால் முழு வேகம் எடுக்க முடியாது, அதனால் காற்று எந்தப் பக்கம் என்பதே எல்லாருக்கும் கவலை. டப்பா திரும்பும்போதெல்லாம் டம்ளர்களும் தங்கள் இடம் மாறாமல் திரும்ப வேண்டும். ராத்திரியில், விளக்கில்லாமல், அந்த டம்ளரில் ஒன்றை இடம் தவறாமல் வைத்துக்கொள்வதுதான் பிரிட்ஜில் நிற்கும் சின்ன அதிகாரியின் வேலை. இதை வாயால் கேட்டிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது.

மலையில் இருப்பது இதற்கு ரொம்ப உதவும், உட்கார்ந்தே பேசாமல் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு ராத்திரி கோத்தகிரி ரோட்டில், கீழே மேட்டுப்பாளையத்து விளக்குகள் தெரியும் வளைவில் நின்றோம். எதிர்ச்சரிவில் ஒரு வண்டி வெளிச்சம் நகர்ந்துகொண்டிருந்தது. "ஒரு விளக்கு கிட்ட வந்துட்டே இருக்கு, ஆனா நீ பார்க்கிற திசை மட்டும் மாறவே மாட்டேங்குதுன்னா, அது உன்மேலதான் மோதப்போகுது" என்றார். கடலில் முதலில் கற்றுத்தரும் பாடங்களில் ஒன்று அது. மூடுபனி இறங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார், பனியில் கப்பல்காரர்கள் அப்படித்தான் நிற்பார்களாம்.

உடம்பு சம்பந்தமான கேள்விகளை விடாதீர்கள். நல்ல தண்ணீர் கடல்நீரைக் காய்ச்சி எடுப்பது, நீராவிக் கப்பலில் பாய்லருக்குக் கொடுத்ததுபோக மிச்சம்தான் மனுஷனுக்கு, ஆகவே குளியல் குறைவு. சண்டை நேரத்தில் முகத்தையும் கழுத்தையும் மூடும் வெள்ளைக் குல்லாயும் நீளக் கையுறையும் போட வேண்டும், வெடித்தால் வரும் தீ நாக்குக்காக. பருத்தியாகத்தான் இருக்க வேண்டும், நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். டிசம்பர் வங்கக்கடலின் புழுக்கத்தில் அதை மணிக்கணக்கில் போட்டிருந்தால் எப்படி இருக்கும் என்று, ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவரைக் கேட்டேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினார், இங்கே வேர்க்குரு போகவே இரண்டு மாசம் ஆச்சு என்று.

சின்ன அதிகாரிக்கு இன்னொரு வேலையும் உண்டு, அதைக் கேட்க மறந்துவிடுவோம். அவருக்குக் கீழே சில மாலுமிகள் இருப்பார்கள், அவர்களின் லீவு, சம்பளம், வீட்டுக் கஷ்டம் எல்லாம் இவர் காதுக்குத்தான் வரும். தன்னைவிடப் பத்து வயது மூத்தவர் வந்து, மனைவிக்கு மாசம் ஆயிருக்கு சார், கடிதம் வரவில்லை என்று நின்றால் இருபத்திரண்டு வயதுப் பையன் என்ன சொல்வான்? இதைக் கேட்டபோது அப்புச்சி சொன்ன பெயர்களும் ஊர்களும் இரண்டு பக்கம் வந்தன. பீரங்கியைப் பற்றி அரைப் பக்கம்தான்.

தேதிகளைத் தனியாகச் சரிபாருங்கள், ஆனால் அவர் பேசும்போது குறுக்கே போகாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது இரண்டாம் உலகப்போரில் என்றே சொல்லுவார். அது 1914 செப்டம்பர் 22. ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். 1971க்கு எலும்புக்கூடு இது: டிசம்பர் 3 மாலை போர் தொடங்கியது, அன்றிரவே விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது, 4ம் தேதி விக்ராந்தின் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின, அதே இரவு மேற்கே கராச்சி மீது ஏவுகணைப் படகுகள் போயின, 16ம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு. கிழக்குப் பகுதிக் கடற்படைக்குத் தளபதியாக இருந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் நாகர்கோவில்காரர். இந்தக் கோட்டில் அவர் சொல்வதைக் கோத்துக்கொண்டு போங்கள்.

டிசம்பர் 9க்கு வரும்போது மட்டும் மெதுவாகப் போங்கள். அன்றிரவு டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹாங்கோர் நீர்மூழ்கியின் டார்பீடோ பட்டு நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். அந்தத் தலைமுறைக் கடற்படைக்காரர்களில் அந்தக் கப்பலில் ஒருவரையாவது தெரியாதவர் குறைவு. அப்புச்சியோடு பயிற்சியில் ஒரே அறையில் இருந்தவர் அதில் இருந்தார். அதைச் சொல்லத் தொடங்கியதும் நான் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன், அவர் பார்க்கும்படி. நீங்களும் அப்படிச் செய்யுங்கள். அவர் சொன்னதை நான் எழுதவில்லை.

எழுதும்போது வாட்ச், பிரிட்ஜ், வார்ட்ரூம் (அதிகாரிகள் சாப்பிட்டு உட்காரும் அறை) எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே விடுங்கள், அகராதி பார்த்துத் தனித்தமிழ் ஆக்கினால் அவர் குரல் போய்விடும். முடித்ததும் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து, பென்சிலோடு கொடுங்கள், வாசித்துக் காட்டினால் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். அப்புச்சி மூன்று நாள் வைத்திருந்தார். இடது பக்கம் என்று நான் எழுதியதையெல்லாம் போர்ட் என்று மாற்றியிருந்தார். அப்புறம், "அந்த ராத்திரிகளில் அவர் பயப்படவே இல்லை" என்று நான் எழுதியிருந்த வரியை முழுதாக அடித்திருந்தார், பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. திருத்தித் தட்டச்சு செய்த பின்னும் பென்சில் பட்ட தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். நம் மலை ஈரத்தில் காகிதம் சீக்கிரம் பூசணம் பிடிக்கும், நல்ல பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.