ஷவர் பகுதிக்கு ஏற்ற கிறவுட்டைத் தெரிவு செய்தல்

மட்டக்களப்பில் வீடு கட்டுவோர் டைல்ஸ் வாங்குவதற்குக் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். அவற்றின் இடைவெளியை நிரப்பும் கிறவுட்டை மட்டும், வேலை முடியும் நாளில் மேசன் கேட்டவுடன் பக்கத்து ஹாட்வெயார் கடையில் இருப்பதைப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வரவேற்பறையில் இதனால் பெரிய பாதிப்பு வராது. ஆனால் நாள்தோறும் நனையும் ஷவர் பகுதியில், எந்தக் கிறவுட் என்பதை முதல் டைல் ஒட்டுவதற்கு முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அது டைல்ஸுக்கு இடையே விடப்படும் அகலத்தைப் பொறுத்தது.

அகலம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் மணல் கலவாத சீமெந்துக் கிறவுட் பொருத்தமானது. அதற்கு மேற்பட்டால் மணல் கலந்த வகையே வேண்டும். மணல் இல்லாததை அகலமான இடைவெளியில் நிரப்பினால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல் கலந்ததை ஒடுங்கிய இடைவெளியில் அழுத்தினால் அடிவரை இறங்காது, மேலே மட்டும் மூடியிருக்கும். பளபளப்பான மார்பிள், கண்ணாடி டைல்ஸ் ஆகியவற்றை மணல் கீறிவிடவும் கூடும். எந்த அகலத்துக்கு உகந்தது என்பது பைக்கற்றிலேயே அச்சிடப்பட்டிருக்கும். டைல்ஸுக்கு இடையே சம இடைவெளி விடுவதற்கு வைக்கும் ஸ்பேசரை வாங்கும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

வெறும் வெள்ளைச் சீமெந்தைக் கரைத்துப் பூசும் பழக்கம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. எங்கள் குளியலறையிலும் அப்படித்தான் செய்தோம். இரண்டாவது மாரி முடிந்த பின்னர், ஷவருக்கு நேர்கீழே டைல்ஸுக்கு இடையே இருந்த கோடு ஒன்றை ஒரு சாவியின் முனையால் சுரண்டிப் பார்த்தேன். ஈர மாவைப் போல உதிர்ந்தது, உள்ளே கறுப்பாகப் பூஞ்சணம் ஓடியிருந்தது. அதனால் ஷவர் பகுதிக்கு வெள்ளைச் சீமெந்தை மட்டும் பயன்படுத்த வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

எஞ்சியிருப்பவை இரண்டு தெரிவுகள். பொலிமர் சேர்த்த சீமெந்துக் கிறவுட் சாதாரண வகையைவிடக் குறைவாகவே நீரை உறிஞ்சும், பூசுவதும் எளிது; ஆனாலும் காய்ந்த பிறகு, நீர் ஊறாமல் தடுக்கும் சீலரை மேலே பூசி, காலத்துக்குக் காலம் அதைப் புதுப்பிக்க வேண்டும். எபொக்சிக் கிறவுட் பிசினும் இறுக்கியும் கலந்து தயாராவது; நீரையும் கறையையும் ஏறக்குறைய உள்ளே விடாது, சீலரும் தேவையில்லை. விலை அதிகம் என்பதோடு, கலந்தபின் விரைவில் இறுகிவிடும். நமது ஊர் வெயிலில் இன்னும் விரைவாக இறுகும். ஆகவே சிறிது சிறிதாகக் கலந்து, டைலின் மேல் படிந்ததை உடனுக்குடன் துடைக்கத் தெரிந்த மேசனிடமே அதனை ஒப்படைக்க வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் உவர்நீர்க் கிணறு வைத்திருப்போருக்கும், இரும்புச் சத்தால் நீர் மஞ்சளாகப் படியும் வீடுகளுக்கும் எபொக்சிக்குச் செலவிடுவது தகும். பணம் போதாவிட்டால், நீர் தேங்கும் தரைக்கும் சுவரின் கீழ் இரண்டடிக்கும் எபொக்சியையும், மேற்பகுதிக்குப் பொலிமர் வகையையும் பயன்படுத்தலாம்.

சீமெந்துக் கிறவுட்டைக் கலப்பதற்குக் குடிக்கத்தக்க நீரையே எடுங்கள். உவர்நீரில் கலந்தால் அந்த உப்பு பின்னர் வெள்ளைப் பூப்பாக மேலே வரும். இலகுவாக இழுபடட்டும் என்று நீரை அதிகம் ஊற்றினால் கிறவுட் பலவீனமாகும், நிறமும் திட்டுத் திட்டாகத் தெரியும்.

சுவரும் தரையும் சந்திக்கும் மூலையிலும், இரு சுவர்கள் சந்திக்கும் மூலையிலும் எந்தக் கிறவுட்டையும் நிரப்பக் கூடாது. அங்கே சிறு அசைவு எப்போதும் இருக்கும், இறுகிய பொருள் வெடித்துவிடும்; பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கனே அதற்கு உரியது. மிகச் சிறந்த எபொக்சியும் டைல்ஸுக்கு அடியில் பூச வேண்டிய நீர்த்தடுப்புப் பூச்சுக்கு ஈடாகாது என்பதையும் மேசனிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பூசி முடித்த பின் ஷவரை எப்போது திறக்கலாம் என்பதைப் பைக்கற்றில் பார்த்து, மாரிகாலமென்றால் அதற்கு மேலும் ஓரிரு நாட்கள் பொறுத்திருங்கள். சீலர் பூசிய இடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு துளி நீரை விடுங்கள். துளி உருண்டு நின்றால் சீலர் வேலை செய்கிறது, கோடு கறுத்து நீரை உறிஞ்சினால் மீண்டும் பூச வேண்டிய நேரம் வந்துவிட்டது. கழுவுவதற்கு அசிட் வேண்டாம், அது சீமெந்துக் கிறவுட்டைக் கரைத்துவிடும்.