ரோல்-பிளேயிங் விளையாட்டுக்கு இன்வென்டரித் திரை அமைக்கும் முறை

படி 1: சுமையின் வரம்பு

இன்வென்டரித் திரை என்பது விளையாடுபவரின் பையில் உள்ள பொருள்களைக் காட்டும் திரை. அதை வரைவதற்கு முன், அவர் எவ்வளவு சுமக்கலாம் என்ற விதியை முடிவு செய்துகொள்ளுங்கள். டயாப்லோ 2 (2000) விளையாட்டில் பை என்பது 10க்கு 4 என்ற கணக்கில் 40 கட்டங்கள். மருந்துக் குப்பி ஒரு கட்டத்தையும் மார்புக் கவசம் ஆறு கட்டங்களையும் பிடித்துக்கொள்வதால், இடம் இருக்கிறதா என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஸ்கைரிமில் (2011) எடைதான் வரம்பு. தொடக்கத்தில் 300 வரை சுமக்கலாம், அதைத் தாண்டினால் ஓட முடியாது. இடம்தான் வரம்பு என்றால் கட்டங்கள் தேவை. எடைதான் வரம்பு என்றால் பட்டியலே போதும். புதிதாகத் தொடங்குபவர்கள் பட்டியலை எடுத்துக்கொள்வது நல்லது.

படி 2: தரவு

பொருளின் பெயர், எடை, விலை, படம் ஆகிய மாறாத விவரங்களை ஓரிடத்திலும், பையில் இருக்கும் எண்ணிக்கை, தேய்மானம் போன்ற மாறும் விவரங்களை வேறிடத்திலும் வையுங்கள். ஒரே வகை அம்புகள் ஐம்பது வரிகளாக நீளாமல் ஒரே வரியில் அடுக்காகத் தெரிய இந்தப் பிரிவு உதவும்.

படி 3: பட்டியல்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஸ்கைரிமின் மூலப் பட்டியலில் பெயர்கள் மட்டுமே வரிசையாக நின்றன. எடையையும் விலையையும் அறிய ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ரசிகர்கள் உருவாக்கிய ஸ்கையூஐ என்ற மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் கூடுதல் நிரல்) அவற்றைத் தனித்தனி நெடுவரிசைகளாக்கி, தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்படுத்தும் வசதியையும் தேடல் பெட்டியையும் சேர்த்தது. அதில் விலையை எடையால் வகுத்துக் காட்டும் நெடுவரிசை ஒன்றும் உண்டு. சுமை மிகுந்து குகைக்குள் நிற்பவருக்கு எதைக் கீழே போடலாம் என்பதுதான் கேள்வி; 10 எடையுள்ள 200 காசுக் கவசத்துக்கு அந்த நெடுவரிசையில் 20, 0.5 எடையுள்ள 50 காசு மோதிரத்துக்கு 100 என்று தெரிந்தால், போக வேண்டியது கவசம் என்பது உடனே புலப்படும். உங்கள் நெடுவரிசைகளையும் இப்படிக் கேள்விகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். அழகான பின்னணிப் படம் பிறகு வரட்டும்.

கட்டங்களைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: பொருளை வைக்கும் இடத்தில் வேறொரு பொருள் மட்டும் இருந்தால், மறுத்துவிடாமல் அது கர்சருக்கு வரும்படி இடம் மாற்றுங்கள். டயாப்லோ 2 அப்படித்தான் செய்கிறது.

படி 4: ஒப்பீடு

புதிய வாளைத் தேர்ந்தெடுத்ததும், கையில் உள்ள வாளுடன் உள்ள வேறுபாடு பச்சையிலோ சிவப்பிலோ தெரியட்டும். நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் கூட்டல், கழித்தல் குறிகளும் உடன் இருக்க வேண்டும்.

படி 5: சோதனை

பையில் இருநூறு பொருள்களை நிரப்பி, மவுஸைத் தொடாமல் கீபோர்டிலும் கண்ட்ரோலரிலும் மட்டும் இயக்கிப் பாருங்கள். ஒரு பொருளை விற்றதும் தேர்வு பட்டியலின் தலைக்கு ஓடிவிட்டால், அடுத்ததை விற்க மறுபடியும் கீழே இறங்கி வர வேண்டியிருக்கும். விற்ற பொருளுக்கு அடுத்த வரியிலேயே தேர்வு நிற்கும்படி திருத்துங்கள்.